சிஸ்டர் வண்டியின் பெட்ரோல் மூடி

பழைய வண்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் தம்பிமாரிடமும், தக்கலையில் தனியாகப் பட்டறை போட்டிருக்கும் தங்கச்சியிடமும் முதலில் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். மூடி திறக்காவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! போடுகிறீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுத்தியலை எடுத்து நாலு சாத்து சாத்திய பிறகு போடுகிறீர்கள். கூடவே போட்டோவும் வருகிறது. அதில் மூடி இருப்பதில்லை, மூடி இருந்த இடம்தான் இருக்கிறது.

குலசேகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் பட்டறை நடத்திவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். நான் திறந்த மூடிகளுக்குக் கணக்கில்லை. டாப்பெட் மூடி, ஃபோர்க் தலை மூடி, ஆயில் மூடி, பெட்ரோல் மூடி, எல்லாமும் பார்த்தாயிற்று. உடைத்த மூடிகளுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. ஏழு. எந்த வண்டி, யாருடைய வண்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஏழில் முதலாவது ஒரு வக்கீலுடைய வண்டி. பட்டறை தொடங்கிய புதிது. செயின் பக்கத்து மூடி ஒன்று அசையவே மாட்டேன் என்றது. நானும் விடவில்லை. காலை மாலை என்று நாலு நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள் அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்தபோதுதான் பார்த்தேன், அது இடது மரை, எதிர்ப்பக்கம் திருக வேண்டியது. நாலு நாளாக நான் அதைத் திறக்கவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன். வக்கீல் நல்லவர், வழக்குப் போடவில்லை.

பழைய டியூபைக் கீறி மரக்கைப்பிடியில் கட்டி நான் செய்த பட்டை, லாரிப் பட்டையை அறுத்துச் செய்த இரண்டு முளை ஸ்பானர், செம்புச் சுத்தியல், இறுகிய மூடியைத் திறக்கும் முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்க்கும் வித்தை, இவையெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே வீடியோவாகக் கிடக்கின்றன. என்னைவிட அழகாகச் செய்துகாட்டுகிறார்கள். வீடியோவில் கிடைக்காத ஒன்றை மட்டும் நான் எழுதுகிறேன். அதை எனக்குச் சொல்லித் தந்தவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. பிரசவம் பார்க்கத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சிஸ்டர், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஒரு சீமை மோட்டார் சைக்கிளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகள் வரை ஓட்டிப் போனவர். இந்த வட்டாரத்தில் வயது ஏறியவர்களில் பாதிப்பேர் அவர் கையில்தான் பிறந்தார்கள். நானும்தான். அதனால் அவரோடு வாக்குவாதம் செய்து நான் ஜெயித்ததே கிடையாது. "உன்ன எடுத்ததே நான்தானே மக்கா. ஒம்பது மணிக்கூர் எங்களப் படுத்திட்டுல்லா வந்த" என்று ஒரே அடியில் உட்கார வைத்துவிடுவார்.

எண்பதைத் தாண்டியபின் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். சபையில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, அதில் அந்த வண்டியை வைக்க வேண்டும் என்று கமிட்டிக்கு ஆசை. சிஸ்டருக்கு அது பிடிக்கவேயில்லை. தம்பி மகள் ஜெபா இப்போது அதே மலைக் குடியிருப்புகளுக்கு நர்ஸாகப் போகிறாள், வண்டி அவளுக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். பேசிப் பேசிக் கடைசியில் கமிட்டிச் செயலர் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபை ஆண்டுவிழா. ஆராதனை, ஊர்வலம், அதன்பின் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனம். ஊர்வலத்தின் முன்னால் வண்டி தானாக ஓடி வந்தால் ஜெபாவுக்கு. ஓடாவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்கு. தச்சர் பெட்டியைச் செய்து வார்னிஷும் அடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் என்னை வரச்சொன்னார்.

"கண்ணாடிக்குள்ள வச்சு மாலை போடதுக்கு இது என்ன பிரேதமா மக்கா? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வைப்பியா?"

"ஓட வைக்காம எங்க போவேன் சிஸ்டர்?"

வாய்தான் எனக்கு எப்போதும் முதலில் ஓடும்.

வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிப்போக அவர் சம்மதிக்கவில்லை. வீட்டு முற்றத்திலேயே வேலை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

எஞ்சின் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் சுத்தம் செய்து பூட்டிவிட்டேன். பெட்ரோல் மூடி கைக்குத் திறக்கவில்லை என்பதால் டாங்கில் பெட்ரோல் ஊற்ற முடியாது. சிஸ்டர் உள்ளே போய் ஒரு பழைய ட்ரிப் பாட்டிலையும் குழாயையும் கொண்டுவந்தார். அதில் பெட்ரோலை ஊற்றிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டு உதைத்தேன். நாலாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜெபா கைதட்டி, "அத்தே, வண்டிக்கு ட்ரிப் ஏத்தியாச்சு" என்று கத்தினாள். சத்தம் கேட்டுச் செயலரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"ட்ரிப் பாட்டில கெட்டித் தூக்கிட்டு ஊர்வலத்துல வந்தா சபைக்கு நாணக்கேடு சிஸ்டர். டாங்குல இருந்து ஓடணும். அதுதான் பேச்சு."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆக, எல்லாம் அந்த மூடியில் வந்து நின்றது.

பித்தளை மூடி அது. டாங்கின் இரும்புக் கழுத்துக்குள் திருகி இறங்குவது, மேலே ஸ்பானர் முளைக்கு இரண்டு குழி. புதன்கிழமை காலை அதில் ஸ்பானரை வைத்தேன். அசைவில்லை. "மூடிக்கு என்ன சிஸ்டர் இப்படி?" என்றேன்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. நான் அதுல ஒண்ணும் செய்யல்ல."

நீங்கள் செய்தீர்களா என்று நான் கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் மூடியைப் பார்த்தேன்.

துரு என்றுதான் நினைத்தேன். துருவுக்குச் செய்வதைச் செய்தேன். மரையைச் சுற்றி டீசல் விட்டேன். மத்தியானம் ஸ்பிரே அடித்தேன். சாயங்காலம் பெட்ரோலும் டீசலும் கலந்து துணியில் நனைத்துச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மூடி முந்தைய நாளைவிட இறுக்கம். என் கைதான் தளர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். இன்னும் கொஞ்சம் டீசல் விட்டேன். இன்னும் இறுகியது.

காலில் சுளுக்கு என்று வந்தவனுக்குத் தடவத் தடவ வீங்கினால் தடவுவதை நிறுத்த வேண்டாமா? நான் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு முளை ஸ்பானரில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாயைச் செருகினேன். குழாய் நீளமானால் பலம் கூடும், அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பலம் எங்கே போய் இறங்கும் என்று பார்க்கத்தான் நமக்குப் பொறுமை இருக்காது. உடம்பின் எடையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மூடி நகரவில்லை. டாங்கின் கழுத்தைச் சுற்றிப் பெயின்டில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. கழுத்து மெல்லிய தகட்டில் வைத்துப் பற்றவைத்தது. இன்னொரு அழுத்து அழுத்தியிருந்தால் கழுத்து தகட்டோடு கிழிந்து வந்திருக்கும். அந்த டாங்குக்கு இந்தப் பூமியில் மாற்று கிடையாது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் கிடந்த வேறொரு துணியை அந்த விரிசல் மேல் போட்டு மூடினேன். "இன்னைக்கு இது போதும் சிஸ்டர், கொஞ்சம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தேன். சிஸ்டருக்கு எண்பத்து மூன்று வயது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நான் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் சேவியர், ஐஸ் பெட்டி கட்டிய ஸ்கூட்டரோடு முற்றத்தில் வந்து நின்றார். சிஸ்டருக்குச் சாளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே மூக்கைச் சுளித்தார்.

"என்ன மேஸ்திரி, இந்த ரப்பர் நாத்தம் குடலப் பிரட்டுதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்துல புகைப்புரை இருக்குல்லா? ரப்பர் ஷீட்டு காயுது. இந்த ஊருல ரப்பர் மணக்காம மல்லிப்பூவா மணக்கும்? உம்ம பெட்டி மணக்கது உமக்குத் தெரியுதா?"

"எனக்க பெட்டிய விடும் வேய். புகைப்புரை அங்கோட்டுல்லா இருக்கு. இது உமக்க கையில இருந்துல்லா வருது!"

என் கையில் இருந்தது மூடியைத் துடைத்த துணி. மூக்கருகே கொண்டுபோனேன். டீசல், பெட்ரோல், அதற்கு அடியில் நல்ல பச்சை ரப்பர் வாசம். மூன்று நாளாக அந்தத் துணி என் கையில்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசத்துக்குள்ளேயே இருப்பவன், அதனால் மூக்கில் ஏறவேயில்லை. கடற்கரையிலிருந்து வந்த மனிதனுக்கு ஒரு நொடியில் ஏறிவிட்டது.

மூடியின் மரைக்குள் யாரோ ரப்பர் பாலைத் தேய்த்திருக்கிறார்கள். ரப்பரில் டீசலோ பெட்ரோலோ பட்டால் ஊதிப்போகும். பெட்ரோலில் விழுந்த வாஷர் ஒன்றரை மடங்காவதைப் பட்டறையில் வாரம் ஒருமுறை பார்த்தவன் நான். மூன்று நாளாக நானேதான் அந்த மூடியை உள்ளேயிருந்து இறுக்கிக்கொண்டிருந்தேன். வக்கீல் வண்டியில் படித்த பாடத்தை வேறு வகுப்பில் மறுபடி படித்திருக்கிறேன்!

அந்த இடத்தில் என் வழக்கம் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியும். "எந்த மடையன் இதத் தேய்ச்சான்?" என்று ஒரு சத்தம் போடுவேன். வண்டிக்காரர் யாராக இருந்தாலும் சரிதான். அன்றைக்கும் அது தொண்டை வரை வந்தது. ஆனால் வண்டியில் துணியின் கீழே இருந்த விரிசல் என்னுடையது. முந்தைய நாள் அதை மறைத்துவிட்டுப் போனவன் எந்த வாயால் ஏசுவது? நாற்காலி பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், நான் நேத்து ஒரு தப்பு செய்தேன். பலமா அழுத்திட்டேன். டாங்குல பெயின்டு விரிஞ்சிட்டு. உங்ககிட்ட சொல்லாம துணியப் போட்டு மறைச்சிட்டுப் போனேன்."

அவர் மீன் சட்டியைக் கீழே வைத்தார்.

"நானும் ஒண்ணு செய்தேன் மக்கா. ரெண்டு வருஷம் முன்ன அந்தப் பெருமழைல டாங்குக்குள்ள வெள்ளம் இறங்குச்சு. கிணத்தடி ரப்பர் மரத்துல சிரட்டை நிறைய பால் இருந்துது. எடுத்து மரைல நல்லா தேச்சு முறுக்கி விட்டேன். ஒரு சொட்டு இறங்கல்ல பாத்துக்க."

"இத முதல்லயே சொல்லப்பிடாதா சிஸ்டர்?"

"எப்படி மக்கா சொல்லுவேன்? நீ சிரிப்ப. இல்லேன்னா ஏசுவ. நீ ஏசுகது முக்குச் சந்தி வரைக்கும் கேக்கும்." பிறகு அவர் சொன்னது எனக்காகச் சொன்னதுபோல் இல்லை. "வீட்டுல பச்சிலையும் எண்ணெயும் தேச்சுட்டு பிள்ளை பெற ஆசுபத்திரிக்கு வார தள்ளமாரு எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. கேட்டா, ஒண்ணும் செய்யல்ல சிஸ்டர்ம்பா. கண்டுபிடிச்சா நான் கொல்லுகாப்புல ஏசுவேன். மலையில ஒருத்திய அவ மாமியாக்காரிக்க முன்னால வச்சு ஏசுன ஏச்சுல, அவ அதுக்கப்புறம் ஆசுபத்திரிப் படியே ஏறல்ல. சொல்லாததுக்குத்தானே ஏசுகோம்னு நினைச்சேன். நான் ஏசுகதுனாலதான் அவளுக சொல்லல்லன்னு இந்த எண்பத்து மூணு வயசுலல்லா மண்டைல ஏறுது."

சேவியர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளுக்குப் போக வேண்டிய மீன் காத்துக்கிடந்தது. "இப்போ அத எப்படி எடுக்கது? அதச் சொல்லுங்க" என்றார்.

ரப்பர் என்று தெரிந்தபின் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதல் காரியம், எதுவும் செய்யாமல் இருப்பது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, வெயிலிலும் ஃபேனுக்கு முன்னாலும் அந்த நாள் முழுக்க டாங்கை உலரவிட்டோம். ஊதிய ரப்பர் அடங்க வேண்டும். என் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "தானா வாரதுக்கு நேரம் குடுக்கணும். இழுக்கப்பிடாது. உனக்க காரியத்துல நான் அப்படித்தான் இருந்தேன்" என்றார். ஜெபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்தது சூடா, குளிரா? சூடு வைத்தால் ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டும். பித்தளையும் இரும்பைவிட அதிகமாகப் பெருத்து இன்னும் பிடிக்கும். அதுவுமல்லாமல் பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகிறவனை நான் மெக்கானிக் என்று கூப்பிட மாட்டேன். குளிரில் பித்தளை சுருங்கும், ரப்பர் விறைக்கும். சனிக்கிழமை காலை சேவியர் முதல் வேலையாக எங்களிடம்தான் வந்தார். உடைத்த ஐஸை மூடியின் மேல் குவித்தார். "கல்லுப்பு போட்டா குளிரு கூடும்" என்று ஒரு பிடி உப்பையும் தூவினார். அரை மணிக்கூர் ஆனபோது மூடியைத் தொட்டால் விரல் ஒட்டியது.

குழாயை நான் தொடவில்லை. வெறும் ஸ்பானரை மாட்டினேன். ஒரு மயிரிழை இறுக்கினேன், பிறகு பைய எதிர்ப்பக்கம். உள்ளே ஏதோ கிழிகிற சத்தம். இன்னும் கொஞ்சம். மூடி அசைந்தது. அங்கேயே நிறுத்தி, ஸ்பானரை எடுத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க எடுங்க" என்றேன். எத்தனையோ பிள்ளைகளை வாங்கிய அந்தக் கை சுருங்கிப்போயிருந்தது. அது மூடியைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று சுற்று சுற்றி வெளியே எடுத்தது. மரையோடு மரையாகச் சுருண்டு ஒரு ரப்பர் நாடாவும் கூடவே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேவியர் கடல் பக்கம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அங்கே கடல் கிடையாது, ரப்பர் மரம்தான்.

அதற்குப் பிறகு பட்டறையில் இருந்த காலம் வரை, வண்டியோடு வருகிறவரிடம் என் முதல் பேச்சை மாற்றிக்கொண்டேன். "இதுல என்ன செய்தீங்க?" என்று கேட்க மாட்டேன். "நான் ஒரு தடவ ஒருத்தருக்க டாங்கையே கிழிக்கப் பாத்தவன்" என்று என் முட்டாள்தனத்தை முதலில் எடுத்து வைப்பேன். உடனே அவர்கள் தங்களுடையதை எடுத்து வைப்பார்கள். மெழுகு, சுண்ணாம்பு, பலாப்பிசின், ஒருவர் சோறுகூடத் தேய்த்திருந்தார். அவ்வளவு சொல்லிவிட்டார்கள் என்றால் பாதி மூடி திறந்தாயிற்று. உடைத்த மூடிகளின் கணக்கு ஏழோடு நின்றது இப்படித்தான். தம்பிமாரே, நீங்கள் வண்டிக்காரரை ஏசுவதாக எனக்குப் புகார் வருகிறது. யாரைப் பார்த்துப் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் கிளம்பியது. பேண்டு வாத்தியத்துக்கும் முன்னால் வண்டி போயிற்று. ஜெபா ஓட்டினாள். பின்னால் வெள்ளைச் சேலையில் சிஸ்டர், ஒரு கை ஜெபா தோளில். டாங்கில் இருந்துதான் ஓடுகிறது என்று செயலர் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார். சபை வாசல் வந்தது. போதகர் மாலையோடு நின்றார். வண்டி நிற்கவில்லை. அப்படியே வாசலைக் கடந்து பேச்சிப்பாறை ரோட்டில் ஏறிப் போய்விட்டது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். மூடி வழியில் கழன்றுவிடுமோ என்று நான் ரோடு வரை ஓடிப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கூர் கழித்து, அசனப் பந்தி பாதி முடிந்தபின் வந்தார்கள். தலையெல்லாம் புழுதி. ஜெபா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நான் ஓடிப்போய்ச் சிஸ்டரைப் பிடித்து இறக்கினேன்.

"எங்க போனீங்க சிஸ்டர்? ஊரே தேடுது."

"மலைக்கு. நான் ஏசுனேன்லா, அவளப் பாக்க. கிழவியாயிட்டா. என்னைய அடையாளம் தெரிஞ்சு எந்திரிச்சு ஓடப் பாத்தா. புடிச்சு வச்சு, அன்னைக்கு ஏசுனது தப்புட்டின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதா, பெறகு சிரிச்சா. அன்னைக்கு என்னதான் தேச்சன்னு இப்பமாவது சொல்லுட்டின்னேன். சொன்னா."

"என்ன தேச்சாங்களாம்?"

சிஸ்டர் என் கையை விட்டுவிட்டுப் பந்தியைப் பார்த்து நடந்தார்.

"அவ எங்கிட்ட சொன்னத நான் உங்கிட்ட சொல்லுவேனா மக்கா? வா, சோறு ஆறுது."